21 என்னும் எல்லைக்கோடு

(ஆர்.கே.பேட்டையில் நடைபெற்ற மகாவீரர் பிறந்தநாள் விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



குடியாதோர் கூடிய அவையில் குடியின் தீமையைப் பேசுவது எளிது. சொல்லச் சொல்லக் கேட்போர் தலையசைப்பர். விழா முடிந்ததும் பந்திக்கு எழுந்து செல்வர். எவர் மனத்திலும் ஒரு முள்ளும் தைத்திராது. ஆகவே இவ்வுரை குடியின் தீமைகளை வரிசைப்படுத்த வந்ததன்று. ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்தது. அந்த எண் 21. எத்தனை வயது நிரம்பியபின் ஒருவர் மது வாங்கலாம் என்று தமிழ்நாட்டில் வரையப்பட்டிருக்கும் கோடு அது. அக்கோடு சரிதானா, அதைக் காப்பவர் யார், குடியாத குடும்பங்களுக்கும் அதில் பொறுப்புண்டா என்னும் மூன்று வினாக்களே இவ்வுரையின் பொருள்.

சட்டம் சொல்வது

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனையை ஒழுங்குசெய்யும் 2003ஆம் ஆண்டு விதிகள், 21 வயது நிரம்பாத எவருக்கும் மது விற்கலாகாது என்கின்றன. கல்விக்கூடத்திலிருந்தும் வழிபாட்டிடத்திலிருந்தும் கடை எவ்வளவு தொலைவில் இருக்கவேண்டும் என்பதையும் அவ்விதிகளே கூறுகின்றன. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டர். பிற இடங்களில் 100 மீட்டர். எல்லைக்கு அப்பால் நகரியிலும் புத்தூரிலும் வழங்கும் ஆந்திரச் சட்டத்திலும் வயது 21தான்.

நாடு முழுவதும் இதே எண் இல்லை. மது மாநிலப் பட்டியலில் உள்ள பொருளாதலின் ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு கோடு வரைந்துகொண்டது. புதுச்சேரியிலும் கோவாவிலும் 18. கேரளம் 2017இல் 21ஐ 23ஆக உயர்த்தியது. டெல்லியில் 25. மகாராட்டிரத்தில் பீருக்கு 21, வலுமிக்க மதுவகைகளுக்கு 25. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு நடைமுறையில் உள்ளது. கடலூரில் மது வாங்க இயலாத 19 வயது இளைஞன், பேருந்தேறிப் புதுச்சேரியில் இறங்கியதும் சட்டப்படி வாங்கலாம். ஒரே இளைஞன், ஒரே உடல், ஒரு மணி நேரப் பயணம் அவனுடைய தகுதியை மாற்றிவிடுகிறது. இம்முரண்பாட்டைச் சுட்டித்தான் பலர், இவ்வெண்களுக்குப் பொருள் உண்டா என்று வினவுகின்றனர்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நாடு முழுமைக்கும் பொதுவான ஒரு சட்டம் இருப்பதைப் பலர் அறியார். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, 18 வயது நிரம்பாத ஒருவருக்கு மருத்துவரின் ஆணையின்றி மதுவோ பிற போதைப்பொருளோ புகையிலைப் பொருளோ கொடுப்பதும், கொடுக்கச் செய்வதும் குற்றம் என்கிறது. ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கலாம். அடுத்துள்ள 78ஆம் பிரிவு, சிறுவரைக் கொண்டு மதுவை விற்கவோ சுமந்துசெல்லவோ செய்வோருக்கும் அதே தண்டனையை விதிக்கிறது. இச்சட்டம் கடைக்காரரை மட்டும் நோக்கியதன்று. கொடுப்பவர் மாமனாயினும், அண்ணனாயினும், முதலாளியாயினும் சட்டத்தின் முன் ஒன்றே.

குறைக்க வேண்டும் என்போர் கூற்று

வயதைக் குறைக்கவேண்டும் என்னும் குரல் அவ்வப்போது எழுகிறது. அரியானா 2021இல் 25ஐ 21ஆகக் குறைத்தது. அதே ஆண்டு டெல்லியின் புதிய மதுக்கொள்கையும் 25ஐ 21ஆக்க முனைந்தது. அது நடைமுறைக்கு வரவில்லை. கருநாடகத்தில் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 21ஐ 18ஆக்கும் வரைவு விதி வெளியிடப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் கைவிடப்பட்டது. குறைக்கவேண்டும் என்போர் அனைவரும் குடியை விரும்புவோர் என்று தள்ளிவிடுதல் நேர்மையன்று. அவர்கள் கூறும் காரணங்களைக் காதுகொடுத்துக் கேட்டபின்னரே மறுமொழி சொல்லவேண்டும். பிறர் கருத்திலும் ஒரு பக்க உண்மை உண்டென்று ஏற்கும் அநேகாந்த நெறியைப் போற்றுவோர்க்கு இது கடமையுமாகும்.

அவர்களது முதற்காரணம் இது: 61ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் வழியாக 1989இல் வாக்குரிமை வயது 21இலிருந்து 18ஆயிற்று. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும், படையில் சேர்ந்து எல்லையில் நிற்கவும் தகுதியுடைய ஒருவனை, ஒரு குவளையைத் தொடத் தகுதியற்றவன் என்பது எவ்வாறு பொருந்தும்?

கேட்பதற்கு வலுவான வினாவே. ஆயினும் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே வயதை எங்கும் வைக்கவில்லை. ஆண்மகனின் திருமணத்துக்கு 21, சட்டமன்ற உறுப்பினராவதற்கு 25, மாநிலங்களவைக்கு 30, குடியரசுத் தலைவராவதற்கு 35. 24 வயது இளைஞன் சட்டமன்றத் தேர்தலில் நிற்க இயலாதது தனக்கு இழிவென்று எவரிடமும் முறையிடுவதில்லை. ஒவ்வொரு செயலுக்கும் வேண்டிய பக்குவம் வேறு. ஒவ்வொன்றிலும் நேரும் பிழையின் விளைவும் வேறு. வாக்கில் நேர்ந்த பிழையை ஐந்தாண்டில் திருத்திக்கொள்ளலாம். அதையும் ஊரே கூடிச் சுமக்கும். குடியில் நேரும் பிழையைத் தனி ஒருவனின் உடலும் அவன் வீடுமே சுமக்கவேண்டும். 21 என்னும் கோடு இளைஞனின் மானத்தை அளக்கும் கோல் அன்று. அவனுக்குச் சற்றுக் காலம் வாங்கித் தரும் ஏற்பாடு.

இரண்டாம் காரணம்: தடுக்கப்பட்ட பழமே இனிக்கும், தடை மறைவில் குடிக்கத் தூண்டும், வீட்டார் அறியக் குடித்தால் அளவு தெரியும் என்பது. மூன்றாம் காரணம்: கடையில் கிடைக்காவிட்டால் கள்ளச்சாராயத்தை நாடுவர் என்பது. 2023 மே மாதத்தில் மரக்காணம் பகுதியிலும், 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் பறித்த உயிர்களை எவரும் மறந்திருக்க முடியாது. கள்ளக்குறிச்சியில் மட்டும் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

மூன்றாம் காரணத்துக்கு மறுமொழி அந்நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. அங்கே மாண்டோரில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உழைத்த வளர்ந்தோர். கடையில் வாங்க வயது தடுத்ததால் அவர்கள் சாராயத்தை நாடவில்லை. விலை குறைவென்பதால் நாடினர். கள்ளச்சாராயத்துக்கு மருந்து அதைக் காய்ச்சுவோரையும் அதற்குக் கண்மூடியிருப்போரையும் தண்டிப்பதாகும். சிறுவர்க்குக் கடைக்கதவைத் திறந்துவிடுவது அதற்கு மருந்தாகாது. இரண்டாம் காரணத்துக்கான மறுமொழியை, இதே வழக்கை நீண்டகாலம் நடத்திய ஒரு நாட்டின் பட்டறிவிலிருந்து பெறலாம்.

அமெரிக்கா கற்ற பாடம்

வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்க இளைஞர் 18 வயதில் போருக்கு அனுப்பப்பட்டனர். உயிரைக் கொடுக்கும் வயது வாக்களிக்கும் வயதாகாதா என்னும் கேள்வி வலுத்து, 1971இல் அங்கே வாக்குரிமை வயது 18ஆயிற்று. அதே வேகத்தில் பல மாநிலங்கள் மது வாங்கும் வயதையும் குறைத்தன. குறைத்த மாநிலங்களில் இளைஞர் குடித்துவிட்டு வண்டியோட்டி மாளும் விபத்துகள் பெருகின. வயதைக் குறைக்காத மாநிலத்து இளைஞர், குறைத்த மாநிலத்துக்கு இரவில் காரோட்டிச் சென்று குடித்து, திரும்பும் வழியில் மாண்டனர். மாநில எல்லைச் சாலைகளுக்குக் குருதி எல்லைகள் என்றே பெயர் விழுந்தது.

1980இல், குடித்தவன் ஓட்டிய காரால் 13 வயது மகளைப் பறிகொடுத்த ஒரு தாய் கலிபோர்னியாவில் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவியது. 1984இல், மது வாங்கும் வயதை 21ஆக்காத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலை நிதியில் ஒரு பகுதியை நிறுத்தும் சட்டம் வந்தது. 1988க்குள் எல்லா மாநிலங்களும் 21க்குத் திரும்பின. இவ்வயது வரம்பினால் 1975 முதல் 2017 வரை 31,000க்கும் மேற்பட்ட உயிர்கள் சாலைகளில் காக்கப்பட்டதாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணித்திருக்கிறது.

எனினும் அங்கும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2008இல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள், 21 என்னும் சட்டம் மாணவரை மறைவான, அளவற்ற குடிக்குத் தள்ளுகிறது. இதை மீண்டும் ஆராயவேண்டும் என்று கையெழுத்திட்டனர். அவர்கள் கூற்றையும் புறந்தள்ளலாகாது. வயது வரம்பு உயிர்களைக் காத்தது என்பது ஒரு பக்கத்து உண்மை. வரம்பை எழுதிவைத்துவிட்டுப் பெரியோர் கண்களை மூடிக்கொண்டால் அது மறைவிடங்களை உண்டாக்கும் என்பது மறுபக்கத்து உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விளங்குவது ஒன்றே: எண் வேண்டும், ஆனால் எண் மட்டும் போதாது.

இம்மண்ணின் வரலாறு

அமெரிக்கா வரை செல்லாமலேயே இப்பாடத்தை இம்மண் கற்றிருக்கிறது. இராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்னும் நீண்ட பெயரைச் சுருக்கி ஆர்.கே.பேட்டை என்று வழங்கும் இவ்வூரும் திருத்தணிப் பகுதியும் 1960 மார்ச் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. இதனால் இப்பகுதிக்குத் தமிழ்நாட்டின் மற்ற பகுதிகள் பலவற்றுக்கு இல்லாத ஒரு வரலாறு உண்டு.

1937 அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1938இல், அது சித்தூர், கடப்பை மாவட்டங்களுக்கு விரிந்தது. 1939இல் வடார்க்காட்டுக்கு வந்தது. சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்குப் பரவியது ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2ஆம் நாள். அதாவது, சென்னை நகரத்துக்கு மதுவிலக்கு வருவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே அதை ஏற்றுப் பார்த்த மண் இது. மதுவால் வந்த வருவாயை இழந்த அரசு, அதை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தது. இன்று வணிகர் செலுத்தும் வரிக்கும் அன்றைய மதுவிலக்குக்கும் இப்படியோர் உறவு உண்டு.

பின்னர் நடந்தவை பெரியோர் பலர் கண்முன் நடந்தவை. 1971இல் தமிழ்நாட்டில் மதுவிலக்குத் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2023-24ஆம் நிதியாண்டில் மதுவால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். மதுவை ஒழிக்க முயலவேண்டும் என்று அரசமைப்பின் 47ஆம் உறுப்பு அரசுக்கு வழிகாட்டுகிறது. வரவு செலவுக் கணக்கோ வேறு திசையில் இழுக்கிறது. இவ்வளவு பெரிய வருவாயைப் பெறும் அரசே வயது வரம்பையும் காவல்செய்யவேண்டியிருக்கிறது. விற்பனை குறையாமலும் சிறுவர் வாங்காமலும் பார்த்துக்கொள்ளும் இரட்டைப் பொறுப்பு, கடையில் நிற்கும் ஊழியர் ஒருவரின் தலையில் வந்து விழுகிறது.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் நினைவுகூரவேண்டும். 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில் பெண்கள் சாராயக் கடையை மூடச்செய்தனர். அப்போராட்டத்துக்கு வித்திட்டது முதியோர் எழுத்தறிவு வகுப்பில் படித்த ஒரு பாடம். குடிகாரக் கணவர்களை எதிர்த்து எழுந்த பெண்களின் கதை அது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய கைகள் கடைக்குப் பூட்டுப் போட்டன. 1993இல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு வந்தது. ஆயினும் 1997இலேயே அது தளர்த்தப்பட்டது. அண்டை மாநிலங்களிலிருந்து வந்த கடத்தலும் வருவாய் இழப்பும் காரணங்களாகக் கூறப்பட்டன. மக்கள் காவல்நின்ற வரையில் சட்டம் நின்றது. மக்கள் வீட்டுக்குத் திரும்பியதும் சட்டமும் தளர்ந்தது.

ஏன் அந்த மூன்று ஆண்டுகள்?

18க்கும் 21க்கும் இடையில் மூன்று ஆண்டுகளே உள்ளன. அந்த மூன்றாண்டுகளுக்கு ஏன் இவ்வளவு வழக்கு? மூளையின் முன்பகுதியே ஆசையை அடக்கவும், விளைவை எண்ணிப் பார்க்கவும், போதும் என்று நிறுத்தவும் துணைசெய்வது. அது முழுமையாக முதிர்வதற்கு 20 வயதைக் கடந்து மேலும் சில ஆண்டுகள் ஆகும் என்பது மருத்துவர் துணிபு. நிறுத்தும் ஆற்றல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும்போதே, நிறுத்தும் ஆற்றலைக் கெடுக்கும் பொருளை உள்ளே விடுவது எத்தகைய பேதைமை! 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோர், 21 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியோரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு மிகுதியாகக் குடிக்கு அடிமையாவதை 1997இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தொடக்கத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பயனுள்ள ஆண்டே.

இங்கே மற்றொன்றும் உண்டு. ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை வட்டாரம் தறியோசை கேட்கும் வட்டாரம். பள்ளிப்படிப்பு முடிந்ததும் தறிக்கும், கடைக்கும், திருப்பெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் இளைஞர் செல்கின்றனர். முதன்முதலாகச் சொந்த உழைப்பின் பணம் கைக்கு வருவது பெரும்பாலும் இந்த 18க்கும் 21க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான். முதற் கூலியில் தாய்க்குப் புடவை எடுத்த காலம் உண்டு. முதற் கூலியில் நண்பர்க்கு விருந்து வைக்கவேண்டும் என்று வற்புறுத்தும் காலமும் வந்துவிட்டது. அவ்விருந்துக்கு வழங்கும் பெயர் ட்ரீட். அதில் என்ன இருக்கும் என்பதை இளைஞர் அறிவர். பெற்றோரும் அறியாதவர் அல்லர்.

நடுவண் அரசுக்காகத் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவோர் என்றது. 10 முதல் 17 வயது வரையிலான சிறுவரில் அது 1.3 விழுக்காடு. சிறு எண் போலத் தோன்றும். நூறு பிள்ளைகள் பயிலும் ஒரு பள்ளியில் அது ஒரு பிள்ளை. அப்பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்பதை எண் சொல்வதில்லை.

வள்ளுவர் வைத்த இடம்

தமிழ் பயின்றோர் கவனிக்கவேண்டிய ஒரு செய்தி உண்டு. திருவள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில், துறவறத்தின்கண் வைத்தார். கள்ளுண்ணாமையையோ 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், சூதுக்கு முன்னதாக வைத்தார். இரண்டையும் விலக்கச் சொன்னவர் இரண்டையும் ஓரிடத்தில் வைக்காதது ஏன்? புலாலை விடுவது ஒருவனது அருளைப் பொறுத்தது. கள்ளோ அவனோடு நில்லாது. குடும்பத்தின் பொருளையும், ஊரின் ஒழுங்கையும், நாட்டின் வலிமையையும் தொடும். ஆதலால் அதை நாடாள்வோரும் ஊர்ப்பெரியோரும் கருதவேண்டிய செய்தியாக்கி, அரசும் அமைச்சும் பேசப்படும் பாலிலேயே வைத்தார் என்று கொள்ளலாம். குடியைத் தனிமனிதன் விருப்பம் என்று ஒதுக்கிவிடுவோர் இவ்வைப்புமுறையை எண்ணிப் பார்க்கவேண்டும்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல்

இனி இவ்வவைக்கே உரிய பகுதி. மது, ஊன், தேன் ஆகிய மூன்றையும் விடுதல் சிராவகரின் அடிப்படை ஒழுக்கம். மதுவில் எண்ணற்ற சிற்றுயிர்கள் தோன்றி மடிவதால் அதைக் குடித்தல் கொலையோடு ஒக்கும் என்று சமண ஆசிரியர்கள் வகுத்தனர். குடித்தவனிடம் செருக்கும் சினமும் அச்சமும் பிறப்பதால் அவன் மேலும் இம்சைக்கு ஆளாவான் என்றும் உரைத்தனர். தலைமுறை தலைமுறையாக இதைக் காத்துவந்தது பெருமைக்குரியதே.

ஆனால் அதே ஆசிரியர்கள் மற்றொன்றையும் கற்பித்தனர். வினை மூன்று வாயில்களால் வந்து சேரும்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். முதல் வாயிலை அடைத்துவிட்டோர், பின்னிரண்டும் திறந்திருப்பதைக் கவனியாமல் இருக்கக்கூடும். 21 என்னும் கோடு எங்கே அழிகிறது என்று தேடினால், அது பெரும்பாலும் இந்தப் பின்னிரு வாயில்களில்தான் அழிகிறது.

கடையிலுள்ள மூத்தவர், வேலைக்கு நிற்கும் பையனிடம் பணத்தைக் கொடுத்து ஒரு குவார்ட்டர் வாங்கிவரச் சொல்கிறார். வேலைக்கு வைத்தவர் குடிப்பதில்லை. ஆனால் அதைப் பார்த்தும் பாராதவர்போல் கணக்கில் ஆழ்ந்திருக்கிறார். அப்பையன் 18 நிரம்பாதவனாயின் மேலே கூறிய சட்டப் பிரிவுகள் அக்கடை வாசலில் வந்து நிற்கும். திருமண வீட்டில், மண்டபத்தின் பின்புறம் என்ன நடக்கிறது என்பதை அறிந்தும், உறவு கெடுமே என்று அனைவரும் முன்புறமே அமர்ந்திருக்கின்றனர். பண்டிகை முன்பணம் என்று கேட்கும் 19 வயதுத் தொழிலாளியிடம், எதற்கு என்று கேட்பார் இல்லை. மதுக்கூடத்துக்கு இடத்தை வாடகைக்கு விடும்போது, வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்கப்படுகிறது. இவை எந்த ஒருவரையும் சுட்டிச் சொல்வன அல்ல; எந்த ஊரிலும் காணக்கூடியவை. இவற்றுள் எதிலும் குடித்தவர் குடியாத பெரியவர் அல்லர். எனினும் இவற்றுள் எதிலும் அவர் இல்லாமல் இல்லை.

ஒரு நாட்டின் எல்லைக்கல் தானே காவல்செய்வதில்லை. இருபுறத்தாரும் அதை மதிக்கும் வரையில்தான் அது எல்லை. வயதுக்கோடும் அவ்வாறே. விற்பவர் வயதைக் கேட்கவேண்டும். அதற்கு மேலாக, கொடுத்தனுப்புபவர் கொடுத்தனுப்பாதிருக்கவேண்டும்.

செய்யத்தக்கவை

இவற்றுக்குப் பெரும் போராட்டம் தேவையில்லை. தொழில் நடத்துவோர் தம் கடையிலும் தறிக்கூடத்திலும் இளையோரை மது வாங்கிவர அனுப்பலாகாது என்பதை வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே அனைவரிடமும் தெளிவாகச் சொல்லலாம். இளந்தொழிலாளியின் கூலியில் ஒரு பகுதியை, அவன் உடன்பாட்டோடு, அவன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்பில் சேர்க்க வழிசெய்யலாம். இடத்தை வாடகைக்கு விடுவோர், அங்கே நடக்கப்போவது என்ன என்பதையும் கேட்கலாம். 21 நிரம்பாதவருக்கு விற்கும் இடம் எதுவென்று தெரிந்தால், ஊர்ப்பெரியோர் சிலர் கூடி எழுத்து வடிவில் வட்டாட்சியரிடமும் காவல்நிலையத்திலும் மனு அளிக்கலாம். கிராமசபையில் அதைத் தீர்மானமாக்கலாம். தூபகுண்டாவின் பெண்கள் தொடங்கியது இதனினும் சிறிய இடத்தில்தான்.

பெற்றோர்க்கு ஒரு சொல். குடிப்பவன் வீட்டில் மட்டும் குடி நுழையும் என்பது தவறான நம்பிக்கை. குடியாத வீட்டுப் பிள்ளை கல்லூரி விடுதியிலும் தொழிற்சாலைப் பேருந்திலும் முதன்முதலாக அதைச் சந்திக்கும்போது, அவனுக்கு அது தீது என்று மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மறுக்கும் சொல்லும் தெரிந்திருக்கவேண்டும். நண்பர் கேலிசெய்யும்போது முகம் மாறாமல் வேண்டாம் என்று சொல்வது, தேர்வெழுதுவதைப்போல் பழக்கத்தால் வரும் திறமை. அதை வீட்டில் பேசிப் பழக்காமல் வெளியே எதிர்பார்த்தல் ஆகாது.

கடைசியாக, எல்லாவற்றினும் இன்றியமையாத ஒன்று. இவ்வளவு காவலுக்குப் பின்னரும் ஒரு பிள்ளை குடித்துவிடலாம். குடியாமையைக் குலப்பெருமையாகக் கொண்ட குடும்பத்தில் அப்பிள்ளையின் நிலை மற்றவர் நிலையினும் கொடிது. மானம் போயிற்று என்று தந்தை கதவைச் சாத்துவார். உறவினர் காதோடு காதாகப் பேசுவர். பிள்ளை உண்மையை மறைக்கக் கற்றுக்கொள்வான். மறைவில்தான் ஒரு குவளை பத்தாகிறது. அகிம்சையைக் குலநெறியாகக் கொண்ட வீட்டில் பிள்ளையின்மேல் ஏவப்படும் இழிசொல்லும் இம்சையே என்பதை மறக்கலாகாது. அவனிடம் சினமின்றிப் பேசுதல் வேண்டும். மருத்துவரிடம் உடன்செல்லுதல் வேண்டும். அரசின் போதை மீட்பு உதவி எண் 14446, கட்டணமில்லை. குடிநோய்க்கு மருத்துவம் உண்டு. நாணத்துக்கு மருத்துவம் இல்லை.

பின்வரிசை இளைஞர்களுக்கு

இவ்வுரை முழுவதும் இளைஞர்களைப் பற்றியதாக இருந்தும் பெரியோர்க்கே கூறப்பட்டது. அதற்குக் காரணம் உண்டு. 21 என்னும் எண் இளைஞரை நம்பாமையால் எழுந்ததன்று. பெரியோர் தம் கடமையைச் செய்வர் என்னும் நம்பிக்கையில் எழுந்தது. அந்த வயதைக் கடந்தபின் எவரும் கடை வாசலில் தடுக்கமாட்டார். அன்று முதல் தடுப்பவன் அவனவனே. ஆகவே 21 என்பது குடிக்கத் தொடங்கும் வயது என்று எவரும் கொள்ளவேண்டாம். மது புற்றுநோய் விளைவிக்கும் பொருள் என்று உலகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988இலேயே வகைப்படுத்தியது. எவ்வளவு குறைந்த அளவும் உடலுக்குத் தீங்கற்றது என்று கூற இயலாது என்று உலக நல நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. சிராவக நெறி பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த இடத்துக்கு அறிவியலும் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது.

வயதைக் குறைப்பதா, கூட்டுவதா என்பதைச் சட்டமன்றங்கள் இன்னும் பலகாலம் வாதிடும். அவ்வாதம் எப்படி முடியினும், ஒரு பையன் கையில் பணத்தைத் திணித்துக் கடைக்கு அனுப்பும் கை இவ்வவையைச் சேர்ந்ததாக இருத்தலாகாது. அதைக் கண்டும் காணாது திரும்பும் முகமும் இவ்வவையைச் சேர்ந்ததாக இருத்தலாகாது. இவ்விரண்டும் நிகழ்ந்தால் விழா எடுத்ததன் பயன் கிட்டியதாகும்.

அறம் வளர்க! இளையோர் வாழ்க! ஜெய் ஜினேந்திரா.